செலவாயிற்று என்கிறது கணக்கு, சேரிக்கு வந்ததா?

(சேரப்பணஞ்சேரியில் ஞாயிற்றுக்கிழமை நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அழைப்பிதழில் இந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சேரப்பணஞ்சேரி. ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அதில் பணமும் கேட்டது, சேரியும் கேட்டது. பெயரில் ஒட்டிக்கொண்டு இருக்கும் இந்த இரண்டும் அரசாங்கக் கணக்கில் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருக்கும் தோழர்கள் சிலர் இருக்கிறார்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பில்லை. கணக்கு என்றால் எல்லோருக்கும் தூக்கம் வரும். ஆனால் ஒன்று. நமக்குத் தூக்கம் வரும் என்ற நம்பிக்கையில்தான் பல கணக்குகள் எழுதப்படுகின்றன.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். எம்.ஏ. படிக்கும்போது எனக்கு வரவேண்டிய உதவித்தொகை வரவில்லை. அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஒரே பதில்: "நிதி இன்னும் வரலப்பா." அப்பா வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டினார். படிப்பு முடிந்த பிறகு பணம் வந்தது. அது வட்டிக்கே சரியாகப் போனது. பல வருடம் கழித்து, ஆய்வுக்காக அந்த ஆண்டின் நிதிநிலை ஆவணங்களைப் புரட்டினேன். அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு இருந்தது. செலவும் காட்டியிருந்தார்கள். அப்படியானால் பொய் சொன்னது யார்? கவுண்டரில் இருந்தவரிடம் உண்மையிலேயே பணம் இல்லை. தாளில் உண்மையிலேயே செலவு இருந்தது. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் இருக்கும் ஓட்டையில்தான் எங்கள் வீட்டின் ஒன்றரை வருட வட்டி போனது.

சரி, பட்டியல் சாதியினர் துணைத்திட்டம் என்றால் என்ன? 1979-80இல் 'சிறப்புக் கூறுத் திட்டம்' என்ற பெயரில் தொடங்கியது. கருத்து எளிமையானது. ஒரு மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை சதவீதமோ, திட்ட நிதியிலும் குறைந்தது அத்தனை சதவீதம் அவர்களுக்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20.01 சதவீதம். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அதைவிடவும் அதிகம். இந்த நிதியை வேறு எதற்கும் திருப்பக் கூடாது, ஆண்டு முடிந்ததும் காலாவதி ஆகிவிடக் கூடாது என்று திட்டக்குழுவே வழிகாட்டுதல் கொடுத்தது. கணக்கில் இதற்கென்று ஒரு தனிச் சிறுதலைப்பும் உண்டு: 789. இந்த எண்ணை மட்டும் இன்று மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

இந்த 789க்குள் எழுதப்படும் ரூபாய் மூன்று வகை. முதல் வகை, ஒரு ஆளின் கைக்குப் போவது: உதவித்தொகை, வீடு, தாட்கோ கடனுக்கான மானியம். இதைப் பெயர் சொல்லிச் சரிபார்க்கலாம். இரண்டாம் வகை, நம் தெருவுக்கு வருவது: சாலை, தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை. இதை நேரில் போய்ப் பார்க்கலாம். மூன்றாம் வகைதான் சிக்கல். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஏதோ ஒரு துறை மாநிலம் முழுவதற்கும் 100 கோடியில் ஒரு பொதுத் திட்டம் போடுகிறது. எல்லோருக்கும் பொதுவான திட்டம். அதில் 20 கோடியை 789இன் கீழ் எழுதிவிடுகிறது. திட்டம் மாறவில்லை, இடம் மாறவில்லை, பயனாளியும் மாறவில்லை. கணக்கில் மட்டும் பட்டியல் சாதியினருக்கு 20 கோடி வந்துவிட்டது. ஒரு பைசா திருடப்படவில்லை. ஆனால் நமக்கென்று ஒரு பைசா கூடுதலாக வரவும் இல்லை.

இது இங்கே மட்டும் நடப்பதல்ல. 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்கான செலவில் பட்டியல் சாதியினர் நிதி 700 கோடிக்கு மேல் போனதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி வெடித்த பிறகு, அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் திருப்பப்பட்டதை ஒப்புக்கொண்டார். கர்நாடகத்தில் இதற்காக 2013இல் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டத்தின் 7(டி) பிரிவு, பொதுத் திட்டச் செலவின் ஒரு பங்கையும் இந்த நிதியில் செலவானதாகக் கருதிக்கொள்ள வழிவிட்டது. பத்து வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2023இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதே ஆண்டு, ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு இந்த நிதியிலிருந்து 11,000 கோடிக்கு மேல் எடுத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். என் அம்மாவும் வாங்குகிறார், நல்ல திட்டம். அதற்கு இரண்டு மாதம் முன்பு, துணைத்திட்ட நிதியை இதற்கு எடுப்பது ஏன் என்று தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. பட்டியல் சாதிப் பெண்களுக்குப் போகும் பங்கைத்தான் அதில் எழுதுகிறோம், திருப்பவில்லை என்றது அரசு. இந்தப் பதிலைக் கேலி செய்யாமல் எடுத்துக்கொள்வோம். பணம் நம் பெண்களுக்குத்தானே போகிறது? போகிறது. ஆனால் என் கேள்வி வேறு. பக்கத்துத் தெரு பிற சாதிப் பெண்ணுக்கு அந்த 1,000 ரூபாய் பொது நிதியிலிருந்து வருகிறது. குடிமகள் என்ற உரிமையில் வருகிறது. என் அம்மாவுக்கு அதே 1,000 ரூபாய், அவர் தெருவுக்கு வரவேண்டிய சிறப்பு நிதியிலிருந்து வருகிறது. அப்படியானால் அவருக்கான உரிமைத் தொகையை அவரே கொடுத்துக்கொள்கிறார் என்றுதானே அர்த்தம்?

எல்லோருக்கும் கிடைப்பதைச் சிறப்பு நிதியில் எழுதினால், சிறப்பு நிதி என்ற ஒன்றே இல்லாமல் போகும். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தச் சோதனையை வைத்தே பார்க்க வேண்டும். "எவ்வளவு செலவழித்தீர்கள்?" என்ற கேள்வி போதாது. "இந்த நிதி இல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கு எது வந்திருக்காது?" என்று கேட்க வேண்டும்.

இதை யார் கேட்க வேண்டும்? கேட்பதற்கென்றே ஒரு சபை இருக்கிறது, சட்டமன்றம். நிதித் தணிக்கையின் பாதை இதுதான். அரசு பட்ஜெட் வைக்கிறது. துறைவாரியாக மானியக் கோரிக்கை வருகிறது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்கு எண் 4. ஆனால் துணைத்திட்ட நிதி அந்த ஒரு துறையில் மட்டும் இல்லை. பள்ளிக் கல்வி, ஊரக வளர்ச்சி, மின்சாரம் என்று பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது. அந்தத் துறைகளின் மானியக் கோரிக்கை நாளில் 789 பற்றி யாராவது கேட்கிறார்களா? ஆண்டு முடிந்த பிறகு இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் தணிக்கை செய்கிறார். அரசமைப்பின் 151ஆம் பிரிவின்படி அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வருகிறது. பல முறை கூட்டத்தொடரின் கடைசி நாளில்தான் வைக்கிறார்கள். வைத்ததும் அவை கலைகிறது, விவாதம் இல்லை. பிறகு அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. அந்தக் குழு துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம்.

இங்கே நம் வட்டாரத்துக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 2021இல் அமைந்த 16ஆவது சட்டமன்றத்தில் அந்தக் குழுவுக்குத் தலைவரானவர் திருப்பெரும்புதூர் தனித்தொகுதி உறுப்பினர் கு. செல்வப்பெருந்தகை. மக்களவையில் 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராக்குவது மரபு. 2016 சட்டமன்றத்தில் இங்கேயும் எதிர்க்கட்சியான தி.மு.க.வின் துரைமுருகன் இருந்தார். 2021இல் ஆளும் கூட்டணிக் கட்சியின் கைக்குப் போனது. தனிமனிதரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அரசைக் கேள்வி கேட்கும் நாற்காலி யாரிடம் இருக்க வேண்டும் என்பது கொள்கைப் பிரச்சினை. இன்னொன்று, இந்தியாவில் இந்தக் குழுக்கள் மூடிய அறையில்தான் கூடுகின்றன. 1861இல் இதே குழுவைத் தொடங்கிய பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இன்று விசாரணை நேரலையில் போகிறது. நம் ஊர்க் குழுவில் எந்த அதிகாரி என்ன பதில் சொன்னார் என்று நமக்குத் தெரிவதே இல்லை.

அம்பேத்கர் சட்டம் எழுதியவர் என்று எல்லோருக்கும் தெரியும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. மாகாண அரசுகளின் நிதியைப் பற்றியது. 1925இல் லண்டனில் புத்தகமாக வந்தது. மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் இடையில் பணம் எப்படிப் பிரிந்தது, யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று ஆண்டு ஆண்டாக எடுத்துக் காட்டினார். பின்னாளில், 1949 மே மாதம், அரசியல் நிர்ணய சபையில் தணிக்கைத் தலைவர் பதவியைப் பற்றிப் பேசும்போது, அரசமைப்பில் அநேகமாக அவரே மிக முக்கியமான அதிகாரி என்றார். தீண்டப்படாதவனாக வளர்ந்த ஒருவர் கணக்குப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு மரியாதை கொடுத்தார்? சபை அனுமதித்த பணம், அனுமதித்த காரியத்துக்குத்தான் போனதா என்று பார்க்க ஆள் இல்லையென்றால், சபையில் நமக்கு இருக்கும் ஓட்டுக்கு மதிப்பில்லை என்று அவருக்குத் தெரியும்.

இங்கிருந்து தெற்கே, மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனையும் நினைக்கலாம். பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது, அரசாணை வந்தது. ஆனாலும் கிணற்றடியில் ஊர் விட்டுவிடவில்லை. சபையில் ஜெயித்ததை ஊரில் வாங்கத் தனியாக ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. இன்றும் அதே கதைதான்.

2024 ஜூனில் தமிழ்நாடும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குச் சட்டம் போட்டது. ஆந்திரம் போட்டு 11 ஆண்டு கழித்து வந்தாலும் வரவேற்க வேண்டிய சட்டம். மக்கள்தொகைக்கு ஏற்ற ஒதுக்கீடு இனி அதிகாரியின் கருணை அல்ல, சட்டக் கடமை. 2025 ஏப்ரலில், அரசுப் பதிவுகளிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதையும் வரவேற்கிறேன். ஆனால் கர்நாடகம் நமக்குக் காட்டியது என்ன? சட்டம் இருந்தும் மூன்றாம் வகை ரூபாய் உள்ளே வந்துவிடும். பெயர்ப்பலகை மாறினாலும் கணக்கு எழுதும் முறை மாறாது. கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாக, இங்கிருந்து என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்கிறேன். மாநிலம் முழுவதற்கும் வேண்டாம். ஒரே ஊராட்சி, ஒரே ஆண்டு, ஒரே துறை எடுத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் ஆவணங்கள் நிதித்துறையின் இணையதளத்தில் தமிழிலேயே இருக்கின்றன. 789 எங்கே வருகிறது என்று தேடுங்கள். அந்தத் தலைப்பில் நம் ஊராட்சிக்கு வந்த வேலைகளின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், ஒரு டீக்காசு. பட்டியலை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள். இருப்பதை டிக் அடியுங்கள், இல்லாததை வட்டமிடுங்கள். இங்கே ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்த கிராம சபையில் அந்தத் தாளை வாசித்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். ஒரு நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கொடுங்கள். "அண்ணே, இதை மானியக் கோரிக்கை அன்னைக்கு கேளுங்க" என்று சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் ஏன் கேட்கவில்லை என்று கேளுங்கள்.

கம்பெனியில் ஒரு போல்ட் குறைந்தால் லைனை நிறுத்தி, எந்த ஷிப்ட், எந்த ஸ்டேஷன், யார் கை என்று கண்டுபிடிக்கிற வேலையைத் தினமும் செய்கிறவர்கள் நீங்கள். நம் தெருவுக்கு வராமல் போன ரூபாய் எந்த இடத்தில் கழன்றது என்று கண்டுபிடிக்க உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்? அடுத்த மாதக் கூட்டத்துக்கு என்னை மறுபடி கூப்பிடுங்கள். அன்று நான் பேசமாட்டேன். வட்டமிட்ட அந்தத் தாளை நீங்கள் வாசியுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.