கோட்டுக்கு இந்தப் பக்கம்



திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் படித்த நண்பர்கள் இருவர். ஒருவருக்கு ஊர் திருப்பதி, மற்றவருக்குச் சித்தூர். அமெரிக்காவுக்குக் கணினி வேலைக்குப் போனவர்கள், அங்கிருந்தபடியே 2003-இல் 'ஃபிளேவர்ஸ்' என்ற படத்தை எடுத்தார்கள். பின்னாளில் 'தி ஃபேமிலி மேன்' தொடரை இயக்கிய ராஜ் நிடிமோரு, கிருஷ்ணா டி.கே. இருவரையும்தான் சொல்கிறேன். திரைப்படக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்.

செல்போனில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இது தெம்பு தரும் செய்தி. ஆனால் கல்லூரிக்குப் போகாவிட்டாலும் ஒரு கோட்டைக் கற்றுக்கொண்டே ஆகவேண்டும்.

டீக்கடையில் இரண்டு நண்பர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் கண்ணுக்கு ஒரு கயிறு கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அந்தக் கோடு. கேமரா தெருப்பக்கம் இருந்தால், கடைசிவரை தெருப்பக்கமே இருக்கட்டும். அப்போது ஒருவர் வலப்பக்கம் பார்ப்பார், மற்றவர் இடப்பக்கம் பார்ப்பார்; இரண்டு பார்வையும் திரையில் சந்திக்கும். இரண்டாமவரின் குளோஸப்புக்கு மட்டும் கயிற்றைத் தாண்டிக் கடைப்பக்கம் போய்விட்டால் இருவரும் ஒரே திசையில் பார்ப்பார்கள். பேச்சு யாரோ மூன்றாம் ஆளிடம் நடப்பதுபோல் ஆகிவிடும். 'லுக் மாறிப்போச்சு' என்று படப்பிடிப்பில் பதறுவது இதற்குத்தான். ஒருவர் தோள் தெரிய மற்றவர் முகத்தை எடுக்கும் சஜஷன் ஷாட்டுக்கும் இதே கணக்குதான்.

கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொன்று கண்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் காட்சி தொடர்வது. பெரும்பாலும் ஒருவருடைய ஷாட்டுகளை எல்லாம் எடுத்து முடித்த பிறகே விளக்குகளைத் திருப்பி அடுத்தவருக்குப் போவார்கள். கதையில் ஒரே நொடி. கடிகாரத்தில் இரண்டு மணி நேரம். அதற்குள் கிளாஸில் டீ குறைந்திருக்கும், நிழல் நகர்ந்திருக்கும், சட்டைக் கை இறங்கியிருக்கும். இதைக் கவனித்துக் குறித்துவைக்கும் உதவி இயக்குநரின் பெயர் டைட்டிலில் ஓடி மறைந்துவிடுகிறது. அவர் கண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாதா? தாண்டலாம், பார்ப்பவரையும் கூட்டிக்கொண்டு போனால். 'ஃபேமிலி மேன்' முதல் பருவத்தின் மருத்துவமனைச் சண்டையில் 'கட்' எதுவும் தெரியாமல் கேமரா ஆட்களோடு சுற்றிச்சுற்றி ஓடுகிறது. நாமும் கூடவே ஓடுவதால் திசை தவறுவதில்லை.

ராஜும் கிருஷ்ணாவும் தயாரித்த 'சினிமா பண்டி' 2021-இல் வந்தது. ஆட்டோவில் யாரோ விட்டுப்போன கேமராவை வைத்து ஒரு கிராமமே படம் எடுக்கிற கதை. உங்கள் கையிலும் ஒரு கேமரா இருக்கிறது, தம்பி தங்கைகளே. அடுத்த படப்பிடிப்பில், அதைத் தூக்குவதற்கு முன் சுண்ணாம்பால் தரையில் அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள்.