ஓட்டோடு ஊர்ப்பெயரும்

 

"கடல் கிளிஞ்சலைப் பத்திப் பேச உசிலம்பட்டிக்கு ஏன்ப்பா வந்தீங்க?" என்று நேற்று மாலை டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த ஊரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் வருவது கருங்கல். பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறி மேலே வந்த பாறை அது. அந்தச் சூட்டை எந்த ஓடும் தாங்காது. ஆனால் அந்தப் பெரியவர் சாய்ந்திருந்த சுவரில் கடல் இருந்தது. அரியலூர்ச் சிமெண்ட்டுக்கு வெட்டப்படும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் முழுக்கச் சிப்பி. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஆழமில்லாத கடலடியில் படுக்கை படுக்கையாய் வாழ்ந்து மடிந்த சிப்பிகள் அவை. அவற்றைச் சுட்டு அரைத்துத்தான் நாம் வீடு கட்டுகிறோம். கிளிஞ்சல் சுண்ணாம்பில் வெள்ளையடித்த மதுரைச் சீமைக்கு இது புதிதும் அல்ல.

இந்தத் தொடர்பைச் சொல்லவே இந்தக் கருத்தரங்கில் கூடினோம். சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு என் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1980களில் மாணவனாகக் காரை என்ற ஊருக்குப் போனேன். பெரம்பலூர்ப் பக்கம் ஊட்டத்தூரைத் தாண்டினால் திடீரென்று பயிர் பச்சை தீர்ந்து, மழை அறுத்த களிமண் மேடுகள் தொடங்கும். மேட்டில் ஜிப்சம் கீற்றுகள் கண்ணாடிச் சில்லாய் மின்னும். காலடியில் விரல் நீளத்துக்குத் தோட்டா மாதிரி கற்கள். கணவாய் மீனின் தூரத்து உறவான பெலம்னைட்டின் உள்ளோடு அது. அன்று மூன்று நாள் மூன்று ஊர்களில் பொறுக்கினேன். காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி. இரண்டு கோணிப்பை நிறைந்தது. எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டிக் கட்டி, பேருந்துக் கூரையில் ஏற்றி ஊர் வந்து சேர்ந்தேன். என் ஆசிரியர் ஒரு ஓட்டைக் கையில் எடுத்தார். "எந்த ஊர், எந்த ஓடை, மேட்டில் பதிந்திருந்ததா, உதிர்ந்து கிடந்ததா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் திட்டவில்லை. ஓட்டை மெதுவாகப் பைக்குள் திரும்ப வைத்தார். அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏன் அப்படி வைத்தார் என்பது பின்னால், பழைய நூல்களைப் படித்தபோது புரிந்தது. 1840களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரிப் பக்கத்திலும் திருச்சிப் பக்கத்திலும் ஓடுகள் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் 1846இல் அவற்றை விவரித்தார். சுருள் ஓடுகளான அம்மோனைட்டுகளுக்கு அவர் சூட்டிய பெயர்களைக் கேளுங்கள்: இந்திரன், பிரம்மன், விஷ்ணு, வருணன், சூரியன். ஒன்றுக்குக் கேயின் பெயர். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் அம்மோனைட் பதிந்த கல்தான் என்பதை நினைத்தால் தெய்வப் பெயர்கள் பொருத்தமாகவே இருக்கின்றன. இந்திரன் பெயர் தாங்கிய அந்த ஓடு பின்னால் கனடாவின் மேற்குக் கரையிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்தது. அங்கேயும் அதற்கு இந்திரன் பெயர்தான். ஒரே காலத்தில் அத்தனை கடல்களிலும் நீந்திய உயிர் என்று அதனால் அறிகிறோம்.

1857 முதல் 1860 வரை பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் திருச்சி மாவட்டத்தை அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். அவர் குழு சேர்த்த ஓடுகளைக் கல்கத்தாவில் வைத்து ஸ்டோலிச்கா என்ற தொல்லுயிரியலாளர் 1863 முதல் 1873 வரை பெரும் தொகுதிகளாக எழுதினார். மொராவியாவில் பிறந்தவர். 1874இல் லடாக் மலைப்பாதையில் 36 வயதில் இறந்தார். அவருடைய பக்கங்களைப் புரட்டினால் ஒவ்வொரு ஓட்டுக்கும் கீழே ஓர் ஊர் நிற்கிறது. ஒதியம், ஊட்டத்தூர், மருவத்தூர், நின்னியூர். ஆங்கில எழுத்துக்கூட்டில் சிதைந்துதான் இருக்கின்றன. ஆனாலும் இன்று அந்த ஊர் ஓடையில் போய் நிற்க முடிகிறது. அந்த நான்கு எழுத்து இல்லாமல் போயிருந்தால் அந்தத் தொகுதிகள் வெறும் படப்புத்தகமாய்ப் போயிருக்கும்.

ஒரு ஓட்டைக் கையில் வைத்துப் பாருங்கள். கல்லங்குறிச்சிச் சிப்பி உள்ளங்கை கொள்ளாத கனம். கீழோடு கிண்ணமாய்க் குழிந்திருக்கும், மேலோடு தட்டை மூடி. முதுகில் அடுக்கு அடுக்காய் வரிகள். வளர்ந்த தடம் அது. அதன் மேல் ஊசிக்குத்துகள் போல் துளைகள் இருந்தால், கடற்பஞ்சு துளைத்தவை. இந்தச் சிப்பி கால்சைட் என்ற கனிமத்தால் ஆனது, அதனால் ஓடே நிலைத்தது. அம்மோனைட்டின் ஓடு அரகோனைட் என்ற கனிமம். அது பெரும்பாலும் கரைந்துவிட, உள்ளே இறுகிய சேறுதான் நமக்குக் கிடைக்கிறது. அந்தச் சேற்று அச்சின் மேல் கீரையிலை விளிம்பு மாதிரி நெளிநெளியாய்க் கோடுகள் ஓடும். அறைச்சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடம் அது. அந்த நெளிவைப் பார்த்துத்தான் குடும்பத்தைச் சொல்கிறோம். இத்தனையும் ஓடே சொல்லும். எந்தப் படுகையில் இருந்தது, மேலே என்ன, கீழே என்ன என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. அதை எடுத்தவர்தான் எழுத வேண்டும்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டு, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. அறிஞர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய உருண்டைகள் என்று சொன்னார்கள். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது. எனக்கு வருத்தம் அந்தக் கலைவில்தான். கடல் உயிரின் மேல் தரை விலங்கின் புகழை ஏற்றிப் பார்க்க வேண்டியதே இல்லை. கற்கள் வெளிப்பட்ட இடத்தை ஊர்ப் பிள்ளைகள் படம் எடுத்து, ஆழம் அளந்து எழுதியிருந்தால் அதுவே ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பாதி.

சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த வெட்டுமுகம்தான் புதிய படுகைகளைக் காட்டுகிறது. ஆனால் இன்று தெரியும் முகம் அடுத்த மாதம் ஆலைக்குள் போய்விடும். அங்கே வேலை செய்யும் தொழிலாளிகளுக்கு எந்த அடுக்கில் எந்தச் சிப்பி என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். இன்றைய பிற்பகல் அமர்வில் அவர்களில் மூவர் பேசுகிறார்கள். கட்டுரை வாசிப்பவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களுக்கு: வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசியில் போங்கள். களிமண் கழுவி ஓடு தெரியும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். இருப்பதையெல்லாம் அள்ளாதீர்கள். செய்தித்தாளில் சுற்றும்போதே சீட்டு எழுதி உள்ளே வையுங்கள், இரவு தங்கும் இடத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மேடைக்கு முன்னால் மேசையில் ஒரு கோணிப்பை இருக்கிறது. நான் அன்று கட்டி வந்த இரண்டில் ஒன்றுதான். ஓடுகளின் இடுக்கில் ஒட்டிய மண்ணை இதுவரை யாரும் கழுவவில்லை. சாம்பல் களியா, பழுப்பு மணலா, வெள்ளைச் சுண்ணாம்பா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிலவற்றையாவது தத்தம் ஊருக்கு அனுப்பலாம் என்று நம்புகிறேன். தேநீர் இடைவேளையில் வந்து பாருங்கள், சீட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போது முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.