காங்கோக்காரர் கொண்டுவந்த பச்சைக்கல்
(விடுதலைக்குப் பிந்தைய காங்கோ குறித்த கருத்தரங்கில் தலைமை உரை, பனமரத்துப்பட்டி)

 

காலையில் சேலத்திலிருந்து வரும்போது பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஓர் அரளிப்பூ வியாபாரி. விடியலில் பூ மூட்டையைச் சந்தையில் இறக்கிவிட்டு ஊர் திரும்புகிறவர். என் கையிலிருந்த அழைப்பிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "காங்கோவுக்கும் நம்ம ஊருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். இறங்குவதற்குள் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முடியவில்லை. அவரிடம் சொல்லி முடிக்காததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'காங்கோக்காரர்' என்றால்தான் தெரியும். அவர் வீட்டுச் சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வரிவரியாகப் பச்சை ஓடிய ஒரு கல் இருக்கும். "அங்க மண்ணு செவப்புடா, நம்ம ஏற்காட்டு மண்ணாட்டம். தோண்டுனா இந்தக் கல்லு" என்பார். அது செம்புத் தாது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கல்லுக்காகத்தான் அவர் அங்கே அனுப்பப்பட்டார் என்று புரிய இன்னும் பல வருடங்கள் ஆயின.

1960 ஜூன் 30 அன்று காங்கோ பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. நம் நாட்டின் பரப்பில் முக்கால் பங்குக்கு நெருங்கி வரும் நிலம் அது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோக்காரர்கள் அன்று முப்பது பேர்கூட இல்லை. சுமார் 25,000 பேர் கொண்ட படையில் ஒரு கறுப்பின அதிகாரியும் கிடையாது. ஐந்தாம் நாளே படை கலகம் செய்தது. பெல்ஜியப் படைத்தளபதி ஜான்சென்ஸ் கரும்பலகையில் 'விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின்' என்று எழுதிக் காட்டிய கதையை எல்லாப் புத்தகங்களிலும் படிக்கலாம். கலகத்துக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் வேண்டியதில்லை. ஜூலை 11 அன்று தெற்கே கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று மொய்ஸ் சோம்பே அறிவித்தார்.

நம் பத்திரிகைகளும் பாடநூல்களும் இங்கேதான் 'இனக்கலவரம்' என்ற சொல்லை எடுத்து மாட்டிவிடுகின்றன. ஆப்பிரிக்கா என்றாலே பழங்குடிச் சண்டை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. எனக்கு அந்தச் சொல்மீது நெடுநாளாகக் கோபம் உண்டு. ஏனென்று சொல்கிறேன்.

கட்டாங்காவின் செம்பும் கோபால்ட்டும் யூனியன் மினியேர் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தன. 1906இல் தொடங்கிய நிறுவனம். ஹிரோஷிமாவில் போட்ட குண்டின் யுரேனியத்தில் பெரும்பகுதி அதே மாகாணத்தின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. சுரங்கத்துக்கு ஆள் போதாதபோது நிறுவனம் பக்கத்துக் கசாய் பகுதியிலிருந்து லுபா மக்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடியேற்றியது. அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள், குமாஸ்தா ஆனார்கள். 1957 இறுதியில் எலிசபெத்வில் நகரில் முதல் நகராட்சித் தேர்தல் நடந்தபோது கசாயிலிருந்து வந்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். 'மண்ணின் மைந்தர்கள்' என்று சொல்லிக்கொண்ட கொனகாட் கட்சி அடுத்த வருடமே பிறந்தது. அதன் தலைவர்தான் சோம்பே. ஆக, இந்தப் பகைக்குப் பிறந்த வருடம் உண்டு, பிறந்த ஊர் உண்டு. ஆள் பிடித்து வந்த நிறுவனத்தின் சம்பளப் பதிவேட்டில் அதன் முதல் வரி இருக்கிறது. ஆதிகாலத்துப் பகை என்பதெல்லாம் பின்னால் ஒட்டவைத்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். கட்டாங்கா முழுவதும் பிரிவினையை விரும்பவில்லை. வடக்குக் கட்டாங்காவின் லுபா மக்கள் அதை எதிர்த்து நின்றார்கள். அவர்கள் ஊர்கள் எரிக்கப்பட்டன. மத்திய அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி கட்டாங்காவிலிருந்து வரவேண்டும். நிறுவனமோ அந்த வரியைச் சோம்பேயிடம் கட்டியது. பெல்ஜிய அதிகாரிகளும் கூலிப்படையினரும் அவருக்குப் படை கட்டித் தந்தார்கள். சுரங்கம் ஒரு நாட்டை உண்டாக்கிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். கணக்கைப் பார்த்தால் தோன்றாது.

பிரதமர் பாட்ரிஸ் லுமும்பாவைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வாசிக்கப்பட இருக்கின்றன, எனவே சுருக்குகிறேன். செப்டம்பர் 5 அன்று குடியரசுத் தலைவர் கசாவுபு அவரைப் பதவி நீக்கினார். செப்டம்பர் 14 அன்று படைத்தலைவர் மொபுட்டு அதிகாரத்தைப் பிடித்தார். 1961 ஜனவரி 17 அன்று லுமும்பாவைக் கட்டி, அவருடைய பரம எதிரி சோம்பேயிடம், கட்டாங்காவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அன்றிரவே சுட்டுக் கொன்றார்கள். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். அந்த வேலையைச் செய்த பெல்ஜிய போலீஸ் அதிகாரி நினைவுப்பொருளாக எடுத்து வைத்திருந்த ஒரு பல் 2022 ஜூனில்தான் குடும்பத்திடம் திரும்பிச் சேர்ந்தது. லுமும்பாவுக்கு அப்போது வயது 35. அறுபது ஆண்டுக்கும் மேல் ஒரு குடும்பம் ஒரு பல்லுக்காகக் காத்திருந்தது.

அந்தக் கொலைக்குப் பிறகுதான் ஐ.நா. பாதுகாப்பு அவை உள்நாட்டுப் போரைத் தடுக்கத் தன் படை ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்று பிப்ரவரி 21 தீர்மானத்தில் சொன்னது. நேரு ஒரு முழுப் படையணியை அனுப்பினார். டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில் சாலை மறிப்பை உடைக்கப் போன கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா பதினாறு கூர்க்கா வீரர்களுடன் தம்மைவிடப் பலமடங்கு பெரிய கூட்டத்தின்மேல் பாய்ந்து உயிர்விட்டார். பரம்வீர் சக்கரம் பெற்றார். இவ்வளவும் போட்டித் தேர்வு மாணவர்களுக்குத் தெரியும். நம் ஆட்களின் கதைதான் யாருக்கும் தெரியாது. 1962 டிசம்பர் இறுதியில் கட்டாங்காமீது ஐ.நா. படையின் கடைசித் தாக்குதல் தொடங்கியபோது பிரிகேடியர் நொரோன்ஹாவின் படையணியில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 4ஆம் பட்டாலியனும் இருந்தது. ஜடோவில் நகரத்துக்குப் போகும் வழியில் லுஃபிரா ஆறு. பாலங்களை எதிரிகள் தகர்த்துவிட்டார்கள். ரயில் பாலத்தின் உடைந்த கிராதிகளைப் பிடித்துக் காலாட்படை அக்கரை சேர்ந்தது. நில்லுங்கள் என்ற உத்தரவு நியூயார்க்கிலிருந்து வந்து சேர்வதற்குள் ஊர் பிடிபட்டிருந்தது. என்ன நடந்தது என்று விசாரிக்க ஐ.நா. உயர் அதிகாரி ரால்ஃப் பன்ச்சை அனுப்ப வேண்டியதாயிற்று.

நாள்களைச் சேர்த்துப் பாருங்கள். அந்த அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்கு எல்லையில் சீனாவிடம் நாம் அடி வாங்கினோம். சொந்த நாட்டில் படை போதாத நேரத்தில் ஒரு படையணி ஆப்பிரிக்காவில் பாலம் கடந்துகொண்டிருந்தது. இதைப் பெருமை என்பவர்கள் உண்டு, நேருவின் பிழை என்பவர்களும் உண்டு. நான் பெருமை என்பவர்கள் பக்கம். ஆனால் அந்தப் பெருமையில் ஒரு முள்ளும் இருக்கிறது. கட்டாங்கா 1963 ஜனவரியில் பணிந்தது. அதே 1963இல் பிரிவினை கேட்போர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் 16ஆம் திருத்தம் இங்கே நிறைவேறியது. அதன் இலக்கான திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கட்டாங்காவோடு ஒரே தராசில் வைக்கவே முடியாது. இங்கே எந்தச் சுரங்கக் கம்பெனியும் பின்னால் நிற்கவில்லை. இருந்தாலும் ஒரே ஆண்டில் ஒரே அரசு இரண்டு இடங்களில் பிரிவினையை எதிர்கொண்ட விதத்தைத் தமிழில் யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டு எழுத வேண்டும்.

மொபுட்டு 1965இல் மறுபடி ஆட்சியைப் பிடித்தார். நாட்டுக்கு ஸயர் என்று பெயர் வைத்தார். 32 ஆண்டுகள் இருந்தார், நாட்டைச் சுரண்டினார், 1997இல் ஓடினார். அவரைப் பற்றி இதற்கு மேல் என் நேரத்தைச் செலவிட விருப்பமில்லை.

கிழக்கே கீவு பகுதிக்கு வருகிறேன். உண்மையில் இதைச் சொல்லத்தான் நான் தலைமையேற்க ஒப்புக்கொண்டேன். 1930களின் இறுதியிலிருந்து பெல்ஜியர்கள் ருவாண்டாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்து மசீசி மலைகளில் தோட்ட வேலைக்குக் குடியேற்றினார்கள். விடுதலைக்குப் பின் இவர்கள் யார் என்ற கேள்வி எழுந்தது. 1972இல் ஒரு சட்டம் குடியுரிமை தந்தது. 1981இல் இன்னொரு சட்டம் அதைப் பிடுங்கியது: 1885க்கு முன்பே முன்னோர் அந்த மண்ணில் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்றது. பெல்ஜிய மன்னரின் ஆட்சி அங்கே தொடங்கிய வருடம் அதுதான்!

இந்தக் கதை உங்களுக்குப் புதிதா? சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணி பின்னால் கண்டிச் சீமைக்குப் போனவர்கள் எத்தனை பேர். தேயிலைக்கு உரமானவர்களின் பேரப்பிள்ளைகளிடம் 1948இல் இலங்கை அரசு கேட்டது என்ன? உன் அப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, காகிதம் எங்கே என்றுதானே. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று பங்கு பிரித்தார்கள். மலையக மக்களை யாரும் கலந்து பேசவில்லை. மசீசி மக்களையும்தான். வேறுபாடும் பெரியது: 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளும், அவர்களுக்குள் ஒளிந்திருந்த கொலைகாரர்களும் கீவுக்குள் நுழைந்தார்கள், 1996இல் ருவாண்டாப் படையே பின்தொடர்ந்து வந்தது. அதன்பின் எம்23 என்ற கிளர்ச்சிப் படை 2012இல் அங்குள்ள கோமா நகரைப் பிடித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் பிடித்தது. ஆனாலும் வேர் ஒன்றுதான். தோட்டத்துக்கு ஆள் வேண்டும்போது எல்லைக்கோடு இல்லை, ஓட்டு என்று வந்ததும் பாட்டன் பிறந்த காகிதம் வேண்டும்.

கிழக்கே காவலுக்கு வந்த ஐ.நா. படையைப் பற்றியும் மறைக்காமல் பேசுங்கள். 2022 ஜூலையில் புட்டெம்போவில் மக்கள் திரண்டு ஐ.நா.வே வெளியேறு என்றார்கள். அதில் ஐ.நா. பணியில் இருந்த நம் எல்லைப் பாதுகாப்புப் படையினர் இருவர் இறந்தார்கள், உள்ளூர் மக்களும் இறந்தார்கள். இருபது ஆண்டுக்கும் மேலாகக் காவலுக்கு நின்றும் காப்பாற்றவில்லை என்ற அவர்கள் குற்றச்சாட்டை, செத்தவர்கள் நம்மவர்கள் என்பதற்காக நாம் கேட்காமல் இருக்க முடியாது.

கட்டுரையாளர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை விதிக்கிறேன். தலைவர் என்ற முறையில் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன். 'இனமோதல்' என்ற சொல்லை எழுதியிருப்பவர்கள், அந்த மோதல் எந்த வருடம், எந்த வேலைத்தலத்தில், யார் கொண்டுவந்த ஆட்களுக்கிடையில் தொடங்கியது என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். நம்மூர் வெள்ளைக்கல் சுரங்கத்தையும் கஞ்சமலை இரும்பையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மலையின் பெயரைச் சொல்லி உருக்காலை வந்தும் மலையின் இரும்பு அதில் உருகவில்லை என்பதையும் அறிவோம். கல்லுக்கும் ஊருக்கும் உள்ள கணக்கை நம்மால் கேட்க முடியும்.

மதிய உணவுக்கு முன் இன்னொரு வேண்டுகோள். காங்கோக்காரர் இறந்த பிறகு அந்தப் பச்சைக்கல் என்ன ஆனது என்று விசாரித்தேன். வீடு இடித்துக் கட்டும்போது போய்விட்டது என்றார்கள். அவர் எழுதிய கடிதங்களும் அதோடு போய்விட்டன. சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் 1961 முதல் 1963 வரை காங்கோவில் இருந்த பட்டாளத்துக்காரர் வீடுகள் இன்னும் இருக்கும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நீலத் தொப்பியுடன் ஒரு படமோ, ஐ.நா. முத்திரை குத்திய ஓர் உறையோ இருந்தால் நாளை எடுத்து வாருங்கள். வாசலில் பெயர் பதியும் மேசையில் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள். பேருந்தில் வந்த பூக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன். அவருடைய பெரியப்பாவும் பட்டாளத்தில் இருந்தவராம்.