வளர்ந்த பிள்ளைக்கு ஊரே துணை

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



ஓட்டிசம் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது ஒரு சிறு பிள்ளை. பேசத் தாமதிக்கும் பிள்ளை. அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளை. ஒரே பொருளைச் சுழற்றிச் சுழற்றி மகிழும் பிள்ளை. ஆனால் பிள்ளை என்றும் பிள்ளையாகவே இருந்துவிடுவதில்லை. அவனுக்கும் இருபது வயதாகும், நாற்பது வயதாகும், தலையும் நரைக்கும். "எங்கள் காலத்துக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" என்பதே பெற்றாரின் நெஞ்சை இரவும் பகலும் அரிக்கின்ற கேள்வி. அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

இதற்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையே விடை கூறுகின்றது. 1943 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஓட்டிசத்தை வைத்திய உலகுக்கு அறிமுகஞ் செய்தது. அக்கட்டுரையில் முதலாவதாகக் கூறப்பட்ட பிள்ளை, மிசிசிப்பி மாநிலத்து ஃபொரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933 இல் பிறந்த டொனால்ட் ட்ரிப்லெற்.

நான்கு வயது நிரம்பு முன்னரே, வைத்தியர்களின் ஆலோசனைப்படி அவரை ஒரு விடுதியிலே சேர்த்தார்கள். அங்கே அவர் அசைவற்று உட்கார்ந்து வாடிப்போனார். ஏறக்குறைய ஒரு வருடத்தின் பின், விடுதியார் வேண்டாமென்று கூறியும் கேளாமல், பெற்றார் அவரை வீட்டுக்கு அழைத்துவந்தனர்.

பின்னர் சில காலம் அவர் ஒரு கமக்காரத் தம்பதிகளோடு வாழ்ந்தார். சோள வரிசைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருப்பது அவருடைய வழக்கம். அத்தம்பதிகள், "எண்ணாதே" என்று அதட்டவில்லை. உழுதுகொண்டே எண்ணும்படி விட்டார்கள். எதையும் அளந்து பார்க்கும் ஆசையைக் கண்டு, ஒரு கிணற்றைத் தோண்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தார்கள். அந்த எளிய மனிதர்கள் செய்ததைவிடச் சிறந்த சிகிச்சை எது?

டொனால்ட் 1958 இல் கல்லூரிப் பட்டம் பெற்றார். ஊர் வங்கியிலே உத்தியோகம் பார்த்தார். 27 ஆவது வயதிலே கார் ஓட்டப் பழகினார். பிற நாடுகளுக்கெல்லாம் தனியே பிரயாணஞ் செய்தார். அவருடைய ஓட்டிசம் நீங்கிவிடவில்லை. முதுமையிலும் பேச்சுச் சுருக்கமாகவே இருந்தது. தெரிந்தவர்களுக்கு இலக்கமிட்டு அழைக்கும் வழக்கமும் இருந்தது. 1980 இல் தந்தையாரும் 1985 இல் தாயாரும் காலமாயினர். அதன் பின்னும் முப்பத்தெட்டு வருடங்கள் தம் ஊரிலேயே வாழ்ந்து, 2023 இல் தமது 89 ஆவது வயதிலே மறைந்தார். அவரைப் பற்றி விசாரிக்க வந்த பத்திரிகையாளரிடம், அவருக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுக்கமாட்டோம் என்று ஊரவர்கள் எச்சரித்தார்களாம்! ஊர் என்றால் அதுவன்றோ ஊர்!

"அது வசதியுள்ள குடும்பம், வங்கியிலும் தாயாரின் உறவினருக்குப் பங்கு இருந்தது, எல்லோருக்கும் அது வாய்க்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கானர் 1971 இல் அந்தப் பதினொருவரையும் மீண்டும் தேடிப் பார்த்தபோது, பெரிய அரசாங்க விடுதிகளிலே அடைபட்டவர்கள் முன்பு இருந்த திறமைகளையும் இழந்திருக்கக் கண்டார். பணம் மட்டுமன்று, இடமும் மனிதர்களும் வாழ்வை ஆக்கவும் அழிக்கவும் வல்லவை என்பது இதனாற் புலப்படும். தனிக் குடும்பத்தால் இயலாததைச் சமூகமும் அரசாங்கமும் செய்யவேண்டும். இங்கிலாந்தில் ஓட்டிசமுள்ள வளர்ந்தோருக்காக 2009 இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

இனி, வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டிசத்தை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. 2012 இல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்காக வெளியிட்ட வழிகாட்டி, ஓட்டிசத்தை மாற்றுவதற்கென்று மருந்தோ, விசேட உணவுக் கட்டுப்பாடோ, விற்றமினோ, உடலிலுள்ள உலோகத்தை அகற்றும் சிகிச்சையோ கொடுக்கலாகாது என்று தெளிவாகக் கூறுகின்றது. ஆகவே "மாற்றித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். ஆயினும் ஓட்டிசத்தோடு கூடவரும் மனப்பதற்றம், மனச்சோர்வு, வலிப்பு, நித்திரைக் குறைவு ஆகியவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. அவற்றைக் கவனியாது விடுவது பெருந்தவறு. வாய் திறந்து சொல்ல இயலாதவர் திடீரெனக் கோபங்கொண்டால், பல்வலியோ வயிற்றுவலியோ இருக்கின்றதா என்று முதலிற் பார்க்கவேண்டும்.

அதே வழிகாட்டி தொழிலுக்கான உதவியையும் விதந்துரைக்கின்றது. ஒருவருடைய விருப்பத்துக்கேற்ற வேலையைத் தேடி, பழக்குபவர் ஒருவர் அருகில் நின்று பழக்கி, முதலாளிக்கும் விளக்கஞ்சொல்லி, வேலை கிடைத்த பின்பும் கைவிடாது துணை நிற்கும் முறை அது.

இளைஞர்களே! இவற்றுள் நம்மால் ஆகக்கூடியது யாது? முப்பது வயது மனிதரோடு மழலை பேசாதீர்கள். அவருடைய விருப்பத்தை அவரிடமே கேளுங்கள், விடை வரும்வரை பொறுத்திருங்கள். நிகழ்ச்சியின் ஒழுங்கை முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காதவருக்கு அமைதியான ஓர் அறையை ஒதுக்குங்கள். நூல்நிலையப் புத்தகங்களை அடுக்கவும், கணக்குப் பதியவும் அவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். பெரியோர்களே! பெற்றார் இருக்கும்போதே, பின்னர் யார் பார்ப்பது, சொத்தை யார் பராமரிப்பது என்பவற்றை எழுத்திலே ஒழுங்கு செய்யத் துணைபுரியுங்கள்.

"எங்களுக்குப் பின் யார்?" என்று ஒரு தாய் கேட்கும்போது, "நாங்கள் இருக்கிறோம், அம்மா" என்று சொல்ல இந்த மண்டபத்திலே பத்துப்பேராவது இருக்கவேண்டும். அந்தப் பத்துப்பேரில் ஒருவனாக என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கூறி அமர்கின்றேன்.