மூச்சு வாங்கலைன்னா ஆக்சிஜன் சரியா இருக்குன்னு அர்த்தமா?

2021 மே மாசம், எங்க வீட்ல எல்லாருக்கும் கோவிட். அப்பா சோபாவுல உக்காந்து நியூஸ் பாத்துட்டு இருந்தார். அவர் விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டினேன். 86. சென்சார் கோளாறுன்னு நினைச்சு பேட்டரியை மாத்தினேன். மறுபடி 86. என் விரல்ல வெச்சேன், 98. வயித்தைக் கலக்கிடுச்சு. அப்பாவோ, "மூச்சு நல்லாத்தான்டா வருது"ங்கறார்.

அவர் சொன்னது உண்மைதான். மூச்சு முட்டுற உணர்வைப் பெரும்பாலும் தூண்டுறது ரத்தத்துல சேருற கார்பன் டை ஆக்சைடு. நிமோனியாவுல ஆக்சிஜன் ரத்தத்துக்குள்ள போகத் திணறும்போதும், கார்பன் டை ஆக்சைடு சுலபமா வெளியேறிடலாம். அதனால சிலருக்கு உடம்போட அலாரமே அடிக்காது.

ஆக்சிமீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை விரல் வழியா அனுப்புது. எது எவ்வளவு உறிஞ்சப்படுதுங்கறதை வெச்சு, ஹீமோகுளோபின்ல எத்தனை சதவீதம் ஆக்சிஜனோட இருக்குன்னு கணக்குப் போடுது. 1970களில் இந்த வழியைக் கண்டுபிடிச்சவர் டகுவோ அயோயாகி, ஜப்பான் பொறியாளர். ஆனா விரல் சில்லுனு இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ அளவு தப்பலாம். கருமையான தோல்ல உள்ளதைவிட அதிகமா காட்டலாம். புகையில மாட்டி கார்பன் மோனாக்சைடு ஏறினவங்களுக்கு ஆபத்திலும் நார்மல்னே காட்டலாம்.

பொதுவா 95 முதல் 100 நார்மல். அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்து பாருங்க. 94க்குக் கீழ போனா டாக்டரைக் கூப்பிடுங்க. 90க்குக் கீழன்னா உடனே ஆஸ்பத்திரி. உதடு நீலமாகறது, குழப்பமா பேசறது, படபடப்பு இருந்தா நம்பர் என்னவா இருந்தாலும் கிளம்புங்க. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவங்களுக்கு இலக்கு வேற, டாக்டர் சொல்ற அளவுதான் கணக்கு.

ஆஸ்பத்திரியில மணிக்கட்டுத் தமனியில ரத்தம் எடுத்து உறுதி செய்வாங்க. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்துக் காரணம் தேடுவாங்க. நிமோனியா, ஆஸ்துமா, நுரையீரல்ல ரத்தக்கட்டி, இதயக் கோளாறுன்னு எதுவா வேணா இருக்கலாம். ஆக்சிஜன் முதல்ல தாங்கிப் பிடிக்கும். கூடவே அடிப்படைக் காரணத்துக்கும் சிகிச்சை நடக்கணும்.

அப்பா பதினோரு நாள் கழிச்சு வீடு திரும்பினார். இன்னிக்கும், "எனக்கு அன்னிக்கு ஒண்ணுமில்ல"ன்னுதான் சொல்வார். ஒருவேளை அன்னிக்கு நான் மீட்டரைத் தூக்கிப் போட்டிருந்தா? நினைச்சாலே பயமா இருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.