முதல் பதினைந்து நாள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாயப்பட்டறை இயந்திரங்களைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரையைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் முப்பத்து நான்கு வயதில் சர்க்கரை வந்து தினமும் மாத்திரை போடுகிறவன். அதோடு, முந்நூறு பேர் வேலை செய்கிற பனியன் கம்பெனியில் பொறுப்பில் இருப்பவன். அந்த இரண்டு தகுதிதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அது கணக்கிட்டது. இந்த ஹாலில் யாருக்கு இருக்கிறது, கை தூக்குங்கள் என்றால் ஒருவரும் தூக்கமாட்டீர்கள். மத்தியானம் பாயசம் பரிமாறும்போது தெரிந்துவிடும்!

மாத்திரை கிடைப்பது இன்று பெரிய கஷ்டமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவந்தது. கஷ்டம் அதை ஆரம்பித்த முதல் பதினைந்து நாளில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் பலர் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கள் செக்கிங் பிரிவில் ஒரு அக்கா. "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாக்கா?" என்று கேட்டேன். "அது நமக்கு ஒத்துக்கலைங்க சார். நாலு நாள் போட்டேன், வயிறு கலக்கிட்டே இருந்துச்சுங்க. டேபிள்ல நின்னுட்டு எத்தனை தடவைதான் சூப்பர்வைசர்கிட்டக் கேக்கறதுங்க?" என்றார். எட்டு மாதமாக ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மறுபடி ரத்தம் பார்த்தபோது 340.

அவருக்கு எழுதித்தந்தது மெட்ஃபார்மின். சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலும் முதலில் தருவது இதைத்தான். 1957-லேயே ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிவிட்டார். பழகிய, நம்பகமான மருந்து. கல்லீரல் ரத்தத்தில் கொட்டுகிற சர்க்கரையை இது குறைக்கிறது. ஆனால் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகக் குடல் சுவரில் சேர்கிறது. அதனால்தான் குமட்டல், வாயு, வயிற்றுப்போக்கு, வாயில் இரும்பை நக்கினாற்போல ஒரு ருசி எல்லாம். ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இப்படி ஏதாவது வரும். பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் தானே அடங்கிவிடும். அறவே ஒத்துக்கொள்ளாமல் விடுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான்.

சாயப்பட்டறைக்காரர்களுக்கு ஒரு கணக்குச் சொன்னால் புரியும். ரியாக்டிவ் சாயத்தில் சோடாவை ஒரே மூச்சில் கொட்டுவோமா? துணி பேட்ச் பேட்சாகிவிடும். டோசிங் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். மாத்திரைக்கும் அதே 'டோசிங்'தான். 500 மில்லிகிராம் ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு. ஒரு வாரம் உடம்பு பழகிய பிறகு டாக்டர் அடுத்ததை ஏற்றுவார். வெறும் வயிற்றில் கூடாது. டீயும் பன்னும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது! எனக்கு மூன்றாம் நாளே வயிறு கெட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார். மூன்றாவது வாரத்தில் சரியாகிவிட்டது. அந்த வகையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. சில சமயம் அதன் கூடு மலத்தில் முழுசாக வரும், பயப்பட வேண்டாம். மருந்து உள்ளே இறங்கிவிட்டிருக்கும்.

டாக்டரிடம் சொல்வதால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரும் தறுவாயில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. மெட்ஃபார்மின் தந்த பிரிவில் முதலில் 500 மில்லிகிராம் இருவேளை. சிலர் கை நடுக்கம், படபடப்பு மாதிரி தாழ்சர்க்கரை அறிகுறிகளைச் சொன்னார்கள். உடனே 250 இருவேளை என்று குறைத்தார்கள். அந்தக் குறைந்த அளவிலேயே நோய் வருவது சுமார் 26 சதவீதம் குறைந்தது. அவர்கள் வாய் திறக்காமல் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருந்தால்?

நாள்பட்ட விஷயம் ஒன்று. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். பாதம் மரத்துப்போவது, எரிச்சல் என்று வந்தால் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல் பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை வருடம் ஒருமுறை. கடுமையான வாந்திபேதி வந்தாலும், சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், மெட்ஃபார்மின் போடுவதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கூடச் சேர்க்கும் மாத்திரைகளில்தான் நம் ஊர் வேலைமுறை மோதுகிறது. கிளிமிப்பிரைடு போன்றவை சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது, கன்டெய்னர் நிற்கிறது, "இந்த லாட்டை முடிச்சிட்டு சாப்பிடலாம்" என்று ஒரு மணிச் சாப்பாடு மூன்றுக்குத் தள்ளுகிறது. வியர்வை, நடுக்கம், கண் இருட்டல். வெயில் என்று நினைத்துக்கொள்வார்கள். கட்டிங்கில் பேண்ட் நைஃப் முன்னால் ஒருவர் அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள். நினைவு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் பாருங்கள், தெளியாவிட்டால் இன்னொரு தரம். பிறகு சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். 2020-ல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும் பலருக்கும் எழுதுகிறார்கள். அடிக்கடி சிறுநீர் போகும், பூஞ்சை அரிப்பு வரலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆனால் நம் தையல் லைன்களில் பெண்கள் பாத்ரூம் போகக் கூச்சப்பட்டே தண்ணீரைக் குறைக்கிறார்கள். இது மருந்துக்கடையில் தீர்கிற விஷயமா, சொல்லுங்கள்?

இங்கே கம்பெனி நடத்துகிறவர்களும் மேனேஜர்களும் பாதிப்பேர் இருக்கிறீர்கள். பல இடங்களில் இன்னும் பாத்ரூமுக்கு டோக்கன். லைனுக்கு ஒரு டோக்கன் என்றால் மாத்திரை ஆரம்பித்தவர் என்ன செய்வார்? மாத்திரையைத்தான் விடுவார். எங்கள் யூனிட்டில் டோக்கனை எடுத்துவிட்டோம். உற்பத்தி படுத்துவிடும் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், ஒன்றும் படுக்கவில்லை. மாத்திரை புதிதாக ஆரம்பிப்பவர் ஹெச்.ஆர். பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம் சூப்பர்வைசருக்குப் போகாது. பதினைந்து நாள் லைனில் கை மாற்ற ஒரு ஆள் இருப்பார். முதலுதவிப் பெட்டியில் பஞ்சோடு ஒரு பாட்டில் சர்க்கரையும் இருக்கிறது. அடிக்கடி டீக்குக் காணாமல் போகிறது என்பது வேறு விஷயம்.

அந்தச் செக்கிங் அக்கா மறுபடி டாக்டரைப் பார்த்தார். மெதுவாகக் கரையும் வகையில், 500-லிருந்து ஆரம்பித்தார்கள். போன மாதம் சாப்பாட்டுக்குப் பின் 170. "இப்பப் பரவால்லைங்க சார், வாய் ருசிதான் இன்னும் ஒரு மாதிரி இருக்குதுங்க" என்கிறார்.