மழைத்தண்ணீர் போகும் வழி

செவ்வாய்க் கோளைப் படமெடுத்த தொழில்நுட்பத்திலிருந்து வந்தது ஜிகாபேன். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய கருவி. சாதாரண கேமராவை மாட்டிவிட்டால், தானே திரும்பித் திரும்பி நூற்றுக்கணக்கில் படமெடுக்கும். கணினி அவற்றை ஒரே படமாக இணைத்துவிடும்.

இதை வைத்து, மழைத்தண்ணீர் போகும் வழியைப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே காட்டலாம். வைகைப் பக்கம் கண்மாய்கள் சங்கிலித் தொடராக இருக்கின்றன. மேல் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியே கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். குன்றிலிருந்து இந்தக் கருவியால் எடுத்த அகலப் படத்தை வகுப்பில் பெரிதாக்கினால், கலுங்குக் கல் தெரியும், மடை தெரியும். வரத்துக் கால்வாயை அடைத்துக் கிடக்கும் கட்டட இடிபாடும் தெரியும்! பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கருவி இல்லையா? கைப்பேசியின் பனோரமா போதும். ஆசிரியர்களே, மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, ஒரே இடத்திலிருந்து எடுத்து வையுங்கள்.